பின்சுவரில் ஒரு சுவிட்ச்

தள்ளினான். அந்தச் சொல்லை நான் மாற்றப் போவதில்லை. "கை பட்டிருக்கும்", "விலக்கிவிட்டிருப்பான்", "பதற்றத்தில் ஏதோ நடந்துவிட்டது" என்று உங்கள் சிறுதொழில் சங்கத்திலிருந்து மூன்று பேர் தொலைபேசியில் எனக்குச் சொல் எடுத்துக்கொடுத்துப் பார்த்துவிட்டார்கள். எனக்குச் சொல்லுக்குப் பஞ்சமில்லை. நாச்சிமுத்து இரண்டு கைகளாலும் என் தோளில் அறைந்து தள்ளினான். சீவிய இரும்புச் சுருள் கொட்டிவைத்திருந்த தகரத் தொட்டியின்மேல் போய் விழுந்தேன். முழங்கை கிழிந்தது, கண்ணாடி உடைந்தது. என் பட்டறையில், பட்டப்பகலில், என்னிடம் லேத் ஓட்டும் ஒரு டர்னர்.

புகார் கொடுத்திருக்கிறேன். நாளைக் காலை பத்து மணிக்குக் காவல் நிலையத்தில் வாக்குமூலத்தில் கையெழுத்திட வேண்டும். இட்டுவிட்டால் பெண்மேல் கைவைத்தவன் என்று அவன்மேல் வழக்கு. பிறகு இந்தக் கணபதி வட்டாரத்தில் எந்தப் பட்டறையும் அவனை உள்ளே விடாது. அதைத் தடுக்கத்தான் வாபஸ் கடிதத்தை நீங்களே தட்டச்சு செய்துகொண்டு, கையெழுத்துக்குக் கீழே கோடுகூடப் போட்டு எடுத்து வந்திருக்கிறீர்கள். வையுங்கள் மேசைமேல். உட்காருங்கள். கடிதத்தைப் பிறகு பார்க்கலாம். முதலில் நடந்ததைக் கேளுங்கள். இதுவரை யாரும் என்னிடம் கேட்கவில்லை. எல்லோரும் சமாதானம் பேசத்தான் வந்தார்கள்.

நான் பேசுவது மேடைப் பேச்சு போலத் தோன்றினால் பொறுத்துக்கொள்ளுங்கள். பதினான்கு ஆண்டுகள் பொறியியல் கல்லூரியில் இயந்திரவியல் கற்பித்தவள். பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டு "புரியுதுங்களா" என்று கேட்கும் வழக்கம் எனக்கு இல்லை. அண்ணன் கனடாவில் குடியேறிவிட்டான். பட்டறைச் சாவியை என் கையில் கொடுத்தான். வேலையை விட்டுவிட்டு வந்தேன். மூன்று ஆண்டுகள் ஆகின்றன. இந்த மூன்று ஆண்டுகளில் இந்தச் சந்தில் எனக்கு ஒரே ஒரு பெயர்தான்: "புக்கு மேடம்." தெரியும் என்று தலையாட்டுகிறீர்கள். உங்கள் சங்கத்திலும் அதே பெயர்தானா? நல்லது.

நீங்கள் அட்டைப்பெட்டி செய்கிறவர். ஆகவே லேத் பற்றிச் சொல்லித்தான் ஆக வேண்டும். இரும்பைக் கவ்விப் பிடித்துச் சுழற்றும் பெரிய வட்டப் பிடிக்குச் சக்கு என்று பெயர். என் லேத்தில் இருப்பது பத்து அங்குலச் சக்கு. முப்பது கிலோ. புதிய இயந்திரங்களில் அதைப் பூட்டிவைக்க ஏற்பாடு உண்டு. என்னுடையது பழையது. இதில் சக்கு சுழலும் தண்டின் மரையில் திருகி நிற்கிறது, ஊறுகாய் ஜாடிக்கு மூடி நிற்பதுபோல. முன்னோக்கிச் சுழலும்போது, உளி இரும்பைக் கடிக்கும் எதிர்ப்பே மூடியை மேலும் மேலும் இறுக்கிக்கொண்டு போகும். பின்னோக்கிச் சுழற்றினால்?

கழலக்கூடும். நான் "கழலும்" என்று சொல்லவில்லை, கவனித்தீர்களா? கழலும் என்பதற்கும் கழலக்கூடும் என்பதற்கும் நடுவே உள்ள தூரத்தை அளப்பதற்குத்தான் பொறியியல் என்று பெயர். நாச்சிமுத்துவின் கூட்டத்துக்கு அந்தத் தூரமே கிடையாது. ஆகும், ஆகாது. அகராதியில் இரண்டே சொற்கள். பின்னால் ஓட்டலாமா என்று கேட்டால் "ஆகாதுங்க." ஏன் ஆகாது? "ஆகாதுங்க மேடம், பழக்கமில்லீங்க." இதற்கு மேல் அந்த மூளையைப் பிழிந்தாலும் ஒரு சொட்டு வராது.

பின்னால் ஓட்ட வேண்டிய தேவை என்ன என்று நீங்கள் கேட்கலாம். இரண்டு பக்கமும் சாணைக்கல் சுழலும் மோட்டார் பார்த்திருப்பீர்கள், கத்தி தீட்டுகிற கடைகளில். அதன் இடதுபக்கக் கல்லைப் பிடித்திருக்கும் மரை எப்போதும் இடது மரையாகத்தான் இருக்கும். இல்லையென்றால் ஓடும்போதே நட்டு கழன்று கல் பறந்துவிடும். அந்தத் தண்டுகளுக்கு ஆர்டர் பிடித்தேன். நானே போய், நானே பேசி, நானே பிடித்தேன். நாச்சிமுத்துவுக்கு இடது மரை வெட்டத் தெரியும். இல்லை என்று சொல்லமாட்டேன். லேத்தை முன்னோக்கியே ஓட்டி, உளியைச் சக்குப் பக்கம் தொடங்கி வெளிப்பக்கமாக நகர்த்தி வெட்டுவான். ஒவ்வொரு வெட்டுக்கும் உளியைச் சக்கோரம் வெட்டிவைத்த ஒடுக்கமான காடிக்குள் குருடன் ஊசி கோப்பதுபோல் இறக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஒன்பது தண்டு. லேத்தைப் பின்னோக்கி ஓட்டி, உளியைத் தலைகீழாகக் கட்டினால் பதினாறு வெட்டலாம். நான் கணக்குப் போட்டுக் காட்டினேன். தாளை வாங்கிப் பார்த்தான். பார்த்துவிட்டு என்ன சொன்னான் தெரியுமா?

"பேப்பர்ல சக்கு விழுந்தா யாரு காலும் நசுங்காதுங்க மேடம்."

கோமதி சிரித்தாள். கோமதி என்பவள் தண்டுகளின் பிசிரை அரம் போட்டு எடுக்கிறவள். என் பட்டறையில் இருக்கும் இன்னொரு ஆள். அவள் சிரித்ததை நான் மறக்கவில்லை.

இருந்தும் மோட்டாருக்கு முன்-பின் சுவிட்ச் வைக்க ஏற்பாடு செய்தேன். லேத்துக்குப் பின்னால் நாலடி சந்து, அதையடுத்துச் சுவர். மோட்டாரும் பின்பக்கம்தான் இருக்கிறது. ஆகவே சுவிட்சைப் பின்சுவரிலேயே வைக்கச் சொன்னேன். வயர் குறுக்கே போகாது, எண்ணெய் படாது. நாச்சிமுத்து அதிலும் மூக்கை நுழைத்தான். "முன்னால, கைக்கு எட்டற பக்கம் வெச்சுப்போடலாமுங்க. ஏதாச்சும் ஒண்ணுன்னா நான் சுத்திக்கிட்டு ஓட முடியாதுங்களே" என்றான். நீ ஏனப்பா ஓட வேண்டும்? ஓடுவதற்கா உன்னை வைத்திருக்கிறேன்? என்று கேட்டேன். அன்றிலிருந்து அதற்கு "மேடம் சுவிட்ச்" என்று பெயர்.

இதெல்லாம் புரட்டாசிக் கடைசியில். அடுத்து ஆயுத பூஜை வந்தது.

ஆயுத பூஜையை நான் எதிர்க்கவில்லை. ஆண்டுக்கொரு முறை இயந்திரத்தைத் துடைக்கிறார்கள் என்ற அளவில் அதை வரவேற்கிறேன். சக்கைக் கழற்றி, மரையில் ஒட்டியிருக்கும் அழுக்கைச் சுரண்டி, எண்ணெய் பூசி, மறுபடி மாட்டினான் நாச்சிமுத்து. சக்கு முழுவதும் சந்தனம். நடுவில் குங்குமம். வாழைக்கன்று, பொரி, கடலை எல்லாம் உண்டு. அன்று முழுவதும் இயந்திரம் ஓடக்கூடாது. மறுநாள் விஜயதசமியன்றுதான் ஓடும். அன்றும் நேராக வேலையைத் தொடங்கிவிட முடியாது. செருப்பில்லாமல் நின்று, முன்னோக்கி ஓட்டி, ஒரு பழைய இரும்புத் துண்டில் அழுத்தமாக ஒரு வெட்டு வெட்டி, அதிலிருந்து வரும் முதல் சுருளைச் சாமி படத்தின் முன்னால் வைக்க வேண்டும். இரும்புச் சுருள் நைவேத்தியம்! எந்தச் சாமி அதைச் சாப்பிடுகிறது என்று நான் கேட்டேன்.

அன்று பதினோரு மணிக்கு ஆர்டர் கொடுத்தவர்களின் தர ஆய்வாளர் எங்கள் மாதிரித் தண்டைப் பார்க்க வருவதாக இருந்தது. மணி ஒன்பதரை. நான் சொன்னேன்: சுருளும் வேண்டாம், வெட்டும் வேண்டாம். முதலில் லேத்தை எதிர்ச்சுழற்சியில் வெறுமனே ஓட்டிப் பார்ப்போம். ஓட்டம் சரியாக இருந்தால் உளியைக் கட்டி வேலையைத் தொடங்கு.

நாச்சிமுத்துவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. ஏதோ அவன் வீட்டுக் கல்யாணத்தில் தாலியைத் தலைகீழாகக் கட்டச் சொன்னதுபோல.

"வேண்டாமுங்க மேடம். நல்ல நாளும் அதுவுமா மொத ஓட்டமே பின்னால சுத்த வேண்டாமுங்க."

இதுதான் அவன் சொன்ன முதல் காரணம். ஒரு மனிதனின் முதல் காரணமே இந்த லட்சணத்தில் இருந்தால், அடுத்ததை எதற்குக் கேட்க வேண்டும்? பதினான்கு ஆண்டுகள் விடைத்தாள் திருத்தியவள் நான். முதல் வரி உளறலாக இருக்கும் விடைத்தாளில் நான்காம் வரி மேதைமையாக இருந்து நான் பார்த்ததில்லை. அவனோ அடுக்கிக்கொண்டே போனான். "கோவிச்சுக்காதீங்க மேடம், சக்கு நேத்து கழட்டி மாட்டுனதுங்க. கையிலதான் திருகி உட்டிருக்குது. ஒரே ஒரு வெட்டு முன்னால ஓட்டிப்போட்டு அப்புறம் நீங்க சொல்றாப்புல திருப்பிக்கலாமுங்க. பத்து நிமிசமுங்க." இப்படி என்னென்னவோ. நல்ல நாள் என்றான், பத்து நிமிடம் என்றான், கை என்றான், திருகு என்றான். எனக்கு நேரமில்லை.

சக்கு கழலக்கூடும் என்பதை நான் எண்ணிப் பார்க்கவில்லை என்று நினைக்கிறீர்களா? இதோ பாருங்கள். மாதந்தோறும் அவன் அந்தச் சக்கைக் கழற்றுவதைப் பார்த்திருக்கிறேன். இரும்பைக் கவ்வும் அதன் தாடைக்குக் கீழே மரக்கட்டையைக் கொடுத்து, சம்மட்டியால் ஏழெட்டு அடி அடித்தால்தான் அசையும். அத்தனை அடிக்கு அசையாத சக்கு, உளியே படாத வெறும் ஓட்டத்தில் கழன்றுவிடுமா? உராய்வுக் கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கு இன்றைக்கும் சரி. எந்தப் பேராசிரியரிடம் வேண்டுமானாலும் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

பிற்பாடு கோமதி சொன்னாள்: பூஜையன்று இயந்திரத்தை அடிக்கக் கூடாதாம். பூஜைக்குப் பிறகு சக்கைக் கையால் திருகி அப்படியே விட்டுவிடுவார்களாம். மறுநாள் அந்த முதல் வெட்டில்தான் அது இறுகுமாம். இந்தச் சந்திலுள்ள எல்லாப் பட்டறையிலும் அப்படித்தானாம். "எல்லாருக்கும் தெரியுமுங்க்கா" என்கிறாள். எல்லோருக்கும் என்றால் யாருக்கு? எங்கே எழுதி வைத்திருக்கிறார்கள்? இறுக்குவதுதான் நோக்கம் என்றால் இறுக்குவது என்று சொல்லித் தொலைய வேண்டியதுதானே? சந்தனம், சுருள், சாமி, நல்ல நாள் என்று ஒரு மூட்டைக்குள் கட்டி வைத்துவிட்டு, அறிவுள்ளவர்கள் அந்த மூட்டையை அவிழ்த்துப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்த்தால் எப்படி?

சொன்னான் என்கிறீர்களா? ஆம், கையில் திருகியது என்று ஏதோ சொன்னான். நான்தான் சொன்னேனே, அது நான்காவது காரணம்.

சரி. நடந்ததற்கு வருகிறேன். அவன் லேத்தின் முன்பக்கம், எப்போதும் நிற்கும் இடத்தில், வெறுங்காலோடு நின்றான். பாதுகாப்புக் காலணி வாங்கிக் கொடுத்திருக்கிறேன். விஜயதசமிக்கு அது மூலையில் கிடந்தது. கோமதி கதவருகே. நான் பின்பக்கம் போனேன். சுவிட்ச் அங்கேதானே இருக்கிறது? "மேடம், வேண்டாமுங்க" என்றான். நான் சுவிட்சில் கை வைத்தேன். "ஏனுங்க, சொன்னாக் கேளுங்க!" என்று கத்தினான். என்னைப் பார்த்துக் கத்தினான். போட்டேன்.

போட்டேனோ இல்லையோ, அவன் தன் இடத்தை விட்டு ஓடிவரத் தொடங்கிவிட்டான். லேத்தின் வலது முனையைச் சுற்றிக்கொண்டு பின்பக்கச் சந்துக்குள் ஓடி வந்தான். என் கையைச் சுவிட்சிலிருந்து பிடுங்கத்தான் வந்தான். அதில் எனக்கு ஐயமே இல்லை. சொல் பேச்சுக் கேட்காத பொம்பளை, தன் லேத்தைத் தொட்டுவிட்டாள். அந்த ஆத்திரத்தில் வந்து தள்ளினான். நான் விழுந்தேன். விழுந்த பிறகு ஒரு பெரிய சத்தம் கேட்டது. சக்கு கழன்று, லேத்தின் இரும்புப் படுகையான பெட்டின்மேல் விழுந்து, அங்கிருந்து துள்ளித் தரையில் விழுந்த சத்தம். அவன் காலில் விழுந்தது. விரல்கள் போய்விட்டதாகச் சொல்கிறார்கள். வருத்தம்தான். நான் கல்நெஞ்சக்காரி இல்லை.

ஆனால் வரிசையைக் கவனியுங்கள். உங்கள் சங்கத்தார் அனைவரும் கோட்டை விடுவது இந்த வரிசையில்தான். முதலில் தள்ளினான், பிறகுதான் சக்கு விழுந்தது. சக்கு விழுந்து, அதைப் பார்த்து, அதன் பிறகு என்னைத் தள்ளியிருந்தால் காப்பாற்றினான் என்று பேசலாம். நிகழாத ஒன்றிலிருந்து ஒருவரை எப்படிக் காப்பாற்ற முடியும்? "உங்களக் காப்பாத்தத்தானுங்க்கா அண்ணன் ஓடுச்சு" என்று கோமதி அழுகிறாள். அவள் அழுகை சாட்சியமாகாது. அவன் மனைவி வந்தாள். வாசலில் நின்றாள். நான் உள்ளே கூப்பிட்டேன், வரவில்லை. "நீங்க நல்லாருக்கீங்களாங்க?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். எதற்கு வந்தாள்? யாரோ சொல்லிக்கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். அதைவிட என்னைத் திட்டியிருக்கலாம்.

உணர்ச்சியை வைத்து நான் வாதாடுவதில்லை. அதனால்தான் வாக்குமூலத்தோடு இணைக்க ஒரு வரைபடம் போட்டிருக்கிறேன். இதோ. பத்துக்கு ஒன்று என்ற அளவு. நாடாவை வைத்து அளந்து போட்டது. ஒரு சென்டிமீட்டரும் கூடவோ குறையவோ இராது. இது லேத். இது பின்சுவர். "சு" என்பது சுவிட்ச். இந்தப் புள்ளிக்கோடு நாச்சிமுத்து ஓடிவந்த வழி. "வி" என்பது சக்கு விழுந்த இடம். அங்கே தரையில் சில்லுப் பெயர்ந்திருக்கிறது, அதன் நடுவை எடுத்துக்கொண்டேன். அவன் கால் இருந்ததும் அங்கேயேதான் என்பதால் தனிக்குறி போடவில்லை.

இனி, இதுதான் என் வாதத்தின் அச்சாணி. எதிர்ச்சுழற்சியில் சக்கின் மேற்புறம் முன்னால் நிற்பவனிடமிருந்து விலகிப் பின்பக்கம் போகிறது. அப்படிச் சுழன்றபடி பெட்டின்மேல் விழும் சக்கு எந்தப் பக்கம் உருளும்? பின்பக்கம். பின்பக்கம் மட்டும். இது இயக்கவியல். ஆகவே முன்பக்கம் நின்றவனுக்கு எந்த ஆபத்தும் இல்லை. அவன் தன் இடத்திலேயே நின்றிருந்தால் ஒரு நகம்கூடப் பெயர்ந்திராது. முப்பது கிலோ இரும்பு வந்து விழவேண்டிய இடத்துக்கு அவனே வலிய ஓடிப்போய் நின்றிருக்கிறான். காயம் அவனாகத் தேடிக்கொண்டது. பதினேழு ஆண்டு லேத் ஓட்டியவனுக்குச் சக்கு எந்தப் பக்கம் உருளும் என்று தெரியாதா? தெரிந்தும்தான் போயிருக்கிறான். அவ்வளவு முட்டாள்தனத்துக்கு நான் என்ன…

என்ன? விரலை எங்கே வைக்கிறீர்கள்? தாள் கசங்குகிறது.

நானா? நான் படத்தில் இல்லை. புகார் கொடுப்பவளுக்குப் படத்தில் என்ன வேலை? இயந்திரம், சுவர், சுவிட்ச், அவன். தேவையானது அவ்வளவுதான்.

சரி, கேட்டுவிட்டீர்கள். குறித்துக் காட்டுகிறேன். அந்தப் பென்சிலை எடுங்கள். சுவிட்ச் இங்கே. சக்கின் ஓட்டத்தைப் பார்க்க வேண்டும் என்பதால் நான் லேத்தைப் பார்த்து நின்றேன். ஆகவே கையைப் பின்னால் நீட்டித்தான் சுவிட்சைப் போட்டேன். என் கை நீளம் அறுபது சென்டிமீட்டர் என்று வையுங்கள். படத்தில் ஆறு. சுவரிலிருந்து ஆறு சென்டிமீட்டர், சுவிட்சுக்கு நேர் எதிரே, என் பாதம்…

ஸ்கேல் நகர்ந்துவிட்டது. மறுபடி வைக்கிறேன்.

ஆறு.

அந்த மின்விசிறியை நிறுத்துங்கள்.

கை முழுவதும் நீண்டிருக்காது, கொஞ்சம் மடங்கியிருக்கும். ஐந்தரை என்று கொள்ளலாம். கொண்டாலும்… சக்கின் விட்டமே படத்தில் இரண்டரை சென்டிமீட்டர் வருகிறது. "வி"யைச் சுற்றி அந்த வட்டத்தைப் போட்டால் ஐந்தரையும் உள்ளேதான். ஐந்தும் உள்ளேதான்.

நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம். அட்டைப்பெட்டி செய்கிறவர் எனக்கு இயக்கவியல் சொல்லித்தர வேண்டியதில்லை. எனக்குப் படம் படிக்கத் தெரியும்.

அவன் ஓடத் தொடங்கியபோது சக்கு இன்னும் தண்டில்தான் இருந்தது. அது எந்தப் பக்கம் உருளும் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும்தான் போயிருக்கிறான் என்று நானே இப்போது சொன்னேன். நீங்கள் கேட்டீர்கள்.

அந்தக் கடிதத்தைக் கொடுங்கள். "பெரிய மனது பண்ணி, அறியாமல் செய்த பிழையைப் பொறுத்து…" என்ன தமிழ் இது? இதில் நான் கையெழுத்திட மாட்டேன். யாருடைய அறியாமை, யாருடைய பிழை என்று எழுவாயே இல்லாமல் எழுதியிருக்கிறீர்கள். பெரிய மனது என்று இதில் எதுவும் இல்லை. அளவு தவறாமல் ஒரு படம் போட்டேன். அதில் ஓர் ஆளை விட்டுவிட்டேன். நானே எழுதுகிறேன். நாளைக் காலை நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். நீங்கள் துணைக்கு வர வேண்டாம்.

வெள்ளைத்தாள் அங்கே இருக்கிறது. ஒன்று போதும். இல்லை, இரண்டு எடுங்கள்.

"விஜயதசமியன்று காலை ஒன்பதரை மணியளவில், சக்கு கையால் மட்டுமே திருகப்பட்டிருக்கிறது என்று டர்னர் நாச்சிமுத்து என்னிடம் சொன்ன பிறகும்…" சொன்னான். எழுதிவிட்டேன். "…நான் பின்சுவரிலிருந்த சுவிட்சைப் போட்டேன். நான் நின்றிருந்த இடத்துக்கு அவர் ஓடிவந்து என்னைத் தள்ளிவிட்டு அங்கே நின்றதால், சக்கு அவருடைய காலில் விழுந்து…"

இடது காலா, வலது காலா?

எத்தனை விரல்? பதினொரு நாள் ஆகிறது, யாரும் என்னிடம் சொல்லவில்லை. இல்லை, நான் கேட்கவில்லை. சுமாராகச் சொல்லாதீர்கள். கோமதிக்குத் தெரியும், கூப்பிடுங்கள் அவளை. எண்ணிக்கை சரியாக இருக்க வேண்டும்.